நீதிபோதனை வகுப்பு எங்கே போனது?

நாற்பது வயதைத் தாண்டியவர், அரசுப் பள்ளியில் படித்தவர் யாரிடமாவது ‘நீதிபோதனை பீரியட்’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். வாரத்துக்கு ஒன்று வரும். பெரும்பாலும் மதியச் சாப்பாடு முடிந்து கண்ணைச் சொருகும் நேரத்தில் வரும். அதற்குப் புத்தகம் கிடையாது, நோட்டு கிடையாது, பரீட்சை கிடையாது. வாத்தியார் அரிச்சந்திரன் கதை சொல்வார். கன்றை இழந்த பசுவுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதை சொல்வார். கதை சொல்லத் தெரிந்த வாத்தியார் வாய்த்துவிட்டால் மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்பு வரை எப்படியோ தாக்குப்பிடிக்கும் அந்தப் பீரியட், பத்தாம் வகுப்புக்குப் போனதும் கணக்கு வாத்தியார் கைக்கோ அறிவியல் டீச்சர் கைக்கோ போய்விடும். ‘போர்ஷன் முடியல’ என்ற ஒரு வார்த்தை போதும், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். இன்று பல பள்ளிகளில் அட்டவணையில் மட்டும் அதன் பெயர் இருக்கிறது. சில இடங்களில் பெயரும் இல்லை.

பள்ளிப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள், அரிவாள் எடுத்தார்கள், ஆசிரியரை மிரட்டினார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், ‘அந்தக் காலத்தில் நீதிபோதனை வகுப்பு இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள், அதனால்தான் இப்படி’ என்று டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை பேசுகிறார்கள். அதே மூச்சில், ‘ஒழுக்கம் வீட்டில் வர வேண்டியது, அரசாங்கம் யாருடைய ஒழுக்கத்தைச் சொல்லிக் கொடுக்கும்?’ என்ற எதிர்க்கேள்வியும் எழுகிறது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் அறம் கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் அன்று நடந்த விதத்தில் வேண்டாம். அன்று பள்ளியில் நீதி வாயால் சொல்லப்பட்டது, பள்ளி நடந்த விதமோ அதை மறுத்தது. இன்று பள்ளி நடக்கும் விதம் எவ்வளவோ திருந்தியிருக்கிறது, அதைப் பற்றிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசத்தான் நேரம் இல்லை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நீதி என்று தனிப் பாடம் இருந்ததில்லை. படித்ததெல்லாம் நீதிதான். மணலில் விரலை அழுத்தி எழுத்துப் பழகியதும் ஆத்திசூடி, அடுத்து கொன்றை வேந்தன், பிறகு மூதுரை, நல்வழி, உலகநீதி. கூடவே எண்சுவடியும் நிகண்டும். எழுத்தறிவதும் ஒழுக்கம் அறிவதும் ஒரே வேலையாக நடந்தன. இன்றைக்கும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி பேச்சுவாக்கில் ஔவையைச் சொல்கிறாள் என்றால், தலைமுறை தலைமுறையாகத் திண்ணையில் ஒலித்த குரல் தெருவெல்லாம் பரவியதுதான் காரணம்.

அந்தத் திண்ணைகளை யாரும் கணக்கெடுக்காமல் விட்டுவிடவில்லை. சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-இல் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். வந்து சேர்ந்த விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்துக்கு இது பெரிய எண்ணிக்கைதான். தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பெரும் பங்கினர் பிராமணரல்லாத சாதிப் பையன்கள் என்பதும் அதே கணக்கில் தெரிகிறது. ஆனால் மாகாணம் முழுவதற்கும் சேர்த்துப் பெண்பிள்ளைகள் 5 ஆயிரம் பேர்கூட இல்லை. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கோ அந்தத் திண்ணையில் ஏற வழியே இல்லை.

மன்றோவுக்கு வந்த அறிக்கைகளில் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823-இல் அனுப்பியது மிக நுட்பமானது. அது தெலுங்கும் கன்னடமும் பேசும் மாவட்டம். ஆனாலும் அவர் விவரிக்கும் பள்ளி நம் திண்ணைக்கு உறவுதான். காலையில் முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதி மரியாதை செய்வார்களாம். இரண்டாவதாக வருபவனுக்கு வெறும் சுழி. மூன்றாவதாக வருபவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு அடி, இப்படியே வரிசை நீளும். அவர் எழுதிய இன்னொன்றுதான் நமக்கு முக்கியம். பிள்ளைகள் எண்ணற்ற செய்யுள்களை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள், ஆனால் பேச்சுமொழிக்கு வெகுதூரத்தில் இருக்கும் செய்யுள்நடை என்பதால் பொருள் தெரியாமல் கிளியைப் போலச் சொல்கிறார்கள் என்று அவர் வருந்தினார். இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடம் நடக்கும் அறையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கும் எவருக்கும் இந்தக் குறை பழங்கதையாகத் தோன்றாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வெள்ளைக்கார அரசு பள்ளிகளை எடுத்து நடத்தத் தொடங்கியபோது அறம் ஒரு தலைவலியாயிற்று. அவர்களுக்கு அறம் என்றால் பைபிள். மிஷன் பள்ளிகளில் அது தடையின்றி நடந்தது. அரசின் சொந்தப் பள்ளிகளிலோ, மதத்தில் தலையிட மாட்டோம் என்று சொல்லியாகிவிட்டது. 1882-இல் அமைந்த ஹன்டர் கல்விக் குழு கல்லூரிகளுக்கு ஒரு வழி சொன்னது. எந்த மதத்துக்கும் சொந்தமில்லாத பொதுவான நீதிப் பாடநூல் ஒன்றை எழுதி, குடிமகனின் கடமைகள் பற்றி விரிவுரைகள் நடத்தலாம் என்றது. எல்லோருக்கும் பொதுவான நீதி எது, அதை யார் எழுதுவது என்ற கேள்வியில் அந்த யோசனை முன்னேறாமல் நின்றுபோனது. நம்முடைய இன்றைய விவாதம் அந்த இடத்திலிருந்து அதிக தூரம் நகர்ந்துவிடவில்லை.

அரசு செய்யத் தயங்கியதைத் தேசபக்தர்கள் செய்ய முன்வந்தார்கள். அங்கே நடந்தது தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி. வ.வே.சு. ஐயர் 1922-இல் ஒரு குருகுலம் தொடங்கினார். கல்லிடைக்குறிச்சியில் ஆரம்பித்து, பிறகு சேரன்மாதேவிக்குப் போனது. ஐயர் சாதாரண மனிதர் அல்ல. குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர். உடல் உழைப்பு, ஒழுக்கம், தாய்மொழி, நாட்டுப்பற்று எல்லாம் சேர்ந்த புதிய தலைமுறையை உருவாக்க வேண்டும் என்பது அவர் கனவு. காங்கிரஸ் பணம் கொடுத்தது, பொதுமக்கள் நன்கொடை கொடுத்தார்கள். அந்தக் குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும், பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்று, தனியாகச் சாப்பாடு போடப்பட்டது.

இரண்டு பிள்ளைகள்தானே என்று அன்று பலர் கேட்டார்கள். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை விடவில்லை. 1924, 25-இல் தமிழ்நாடு காங்கிரஸே இரண்டுபட்டது, காந்தி வரைக்கும் விவகாரம் போனது. சமாதானம் எட்டவில்லை. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரிழந்தார். அவருடைய நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் அந்தக் குருகுலத்தில் காலையிலிருந்து மாலை வரை சொல்லப்பட்ட அத்தனை நீதிகளையும் சாப்பாட்டு நேரத்துத் தனி இலை ஒன்று அழித்துவிட்டது என்றே நினைக்கிறேன். பத்து வயதுப் பையன் பாடத்தை மறந்துவிடலாம். தான் எந்த வரிசையில் உட்கார வைக்கப்பட்டோம் என்பதை அவன் சாகும்வரை மறப்பதில்லை.

அந்தத் தவறை ஓர் அரசு திருத்தியது என்றால் அது 1956-இல்தான். காமராஜர் முதல்வர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். பாரதி பிறந்த எட்டயபுரத்தில் அந்த ஆண்டு ஜூலையில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பசிக்கிற பிள்ளை பள்ளிக்கு வரட்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் வேறொன்றும் கூடவே நடந்தது. மேலத்தெருப் பிள்ளையும் கீழத்தெருப் பிள்ளையும் ஒரே தாழ்வாரத்தில் சம்மணமிட்டு, ஒரே அண்டாவில் வெந்த சோற்றைத் தின்றார்கள். எந்த நீதிநூலும் அதற்கு முன் தமிழ்நாட்டுக் கிராமத்தில் இதைச் சாதித்ததில்லை. பின்னால் இலவசச் சீருடை வந்தது, சட்டையைப் பார்த்துச் சாதியும் பணமும் சொல்ல முடியாமல் போனது. 1982-இல் எம்.ஜி.ஆர். மதிய உணவைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. நம் அரசுப் பள்ளிகள் கற்பித்த மிகப் பெரிய அறப் பாடம் எது என்று என்னைக் கேட்டால் இந்தப் பந்தியைத்தான் சொல்வேன்.

பள்ளியின் நடப்பில் இன்னொரு பெரிய மாற்றம் பிரம்பு போனது. எங்கள் தலைமுறைக்கு அது நன்றாக நினைவிருக்கும். நீதிபோதனை வகுப்பில் அகிம்சை பற்றிப் பேசிய அதே வாத்தியார், அடுத்த பீரியடில் வாய்ப்பாடு தப்பிய பையனை மேசையில் கைவைக்கச் சொல்லி விரல் முட்டியில் அடிப்பார். வெயிலில் முட்டி போட வைப்பார். அடிப்பதில்கூடச் சமம் இருந்ததில்லை. கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் அடி அதிகம் விழும். எல்லா வாத்தியாரும் அப்படி இல்லை, உண்மைதான். தன் சம்பளத்தில் பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். ஆனால் வலியவன் எளியவனை அடிக்கலாம் என்பதைப் பிள்ளைகள் முதலில் பார்த்தது பெரும்பாலும் பள்ளியில்தான். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. அடி முழுவதும் நின்றுவிடவில்லை. ஆனாலும் அடிப்பது வாத்தியாரின் உரிமை என்ற எண்ணம் போய், அடித்தால் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை வந்திருக்கிறது. இன்றைய பள்ளிச் சுவரில், உதவிக்கு அழைக்க, 1098 என்ற எண்ணும் 14417 என்ற எண்ணும் எழுதியிருக்கின்றன. ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி தொங்குகிறது. தனக்கு நேர்ந்ததை ஒரு சிறுமி எழுதிப் போட ஓர் இடம் இருக்கிறது என்பது அன்றைக்கு நினைத்துக்கூடப் பார்க்க முடியாதது.

‘அந்தக் காலம் பொற்காலம்’ என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம். அந்தக் காலத்தில் நீதிபோதனை இருந்தது. சாதிப்பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை அழைப்பதும், அவர்களைக் கடைசி பெஞ்சுக்கு ஒதுக்குவதும் இருந்தன.

இனி இன்றைக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனின் வீட்டுக்குள் இரவில் புகுந்து, அவனோடு படித்த பள்ளி மாணவர்களே அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. தமிழ்நாடே உறைந்தது. வெட்டிய பிள்ளைகளும் தினமும் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியவர்கள்தான், எல்லோரும் உடன்பிறந்தோர் என்று உறுதிமொழி சொன்னவர்கள்தான். சாதிப் பெருமிதத்தை எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. அது வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் வந்தது. தென்மாவட்டங்களில் சாதிக்கொரு நிறமாகக் கையில் கயிறு கட்டும் பழக்கம் புதிதல்ல. 2019-லேயே பள்ளிக் கல்வி இயக்குநரகம் அதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது.

‘ஒழுக்கத்தை வீடு பார்த்துக்கொள்ளும்’ என்பவர்களுக்கு நான் நாங்குநேரியைத்தான் காட்டுவேன். பல வீடுகள் நல்லதைச் சொல்லிக் கொடுக்கின்றன. சில வீடுகள், பக்கத்துத் தெருப் பிள்ளை நமக்குக் கீழே என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கின்றன. கோயிலும் சங்கமும் திருவிழாவும் தெருவுக்கொன்றாகப் பிரிந்து கிடக்கும் ஊரில், எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் உட்காரும் ஒரே இடம் அரசுப் பள்ளி. வீட்டில் கற்ற தவறைத் திருத்திக்கொள்ள அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற முதல் வாய்ப்பும் அதுதான். பலருக்குக் கடைசி வாய்ப்பும் அதுவே. அங்கேயும் நாம் பேசாமல் விட்டால் வேறு எங்கே பேசுவது?

நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கயிறு, மோதிரம், நெற்றிக் குறி, சைக்கிள் பெயின்ட் வழியாகச் சாதி காட்டுவதற்குத் தடை, வகுப்பில் அகர வரிசைப்படி இருக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி நீக்கம் என்று பல பரிந்துரைகள். அரசியல் கட்சிகள் சிலவற்றை எதிர்த்தன, சிலவற்றை வரவேற்றன. அந்த இரைச்சலில் அதிகம் பேசப்படாமல் போன ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரத்துக்கு ஒரு பீரியட் கட்டாய அறநெறி வகுப்பு, அதில் சமூக நீதியும் சமத்துவமும் பாகுபாடின்மையும் பேசப்பட வேண்டும் என்பது. நீதிபோதனை பீரியட் இப்படி, அரிச்சந்திரன் கதையோடு நிற்காமல், நம் ஊரின் காயத்தைத் தொடும் வகுப்பாகத் திரும்பி வரலாம். அரசு வேறு சிலவற்றையும் செய்திருக்கிறது. 2024 நவம்பரில் ‘மகிழ் முற்றம்’ என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழுக்கள் அமைத்து, வகுப்பு வித்தியாசம் இல்லாமல் பிள்ளைகளைக் கலக்கவிட்டார்கள். நல்ல முயற்சி. ஆனால் மணி அடித்து, கதவைச் சாத்தி, ‘வாங்க, இன்னிக்கு இதைப் பேசுவோம்’ என்று ஓர் ஆசிரியர் உட்காரும் நேரத்துக்கு அது ஈடாகாது.

அந்த நேரத்தில் என்ன பேசுவது? இங்கே இரண்டு பள்ளங்களைப் பார்த்து நடக்க வேண்டும்.

முதலாவது மனப்பாடம். 2016 ஏப்ரலில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஆர். மகாதேவன், குறளின் அறத்துப்பாலும் பொருட்பாலும் சேர்ந்த 108 அதிகாரங்களை ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் கற்பிக்கும்படி உத்தரவிட்டார். அறநெறியும் பண்பும் கொண்ட தலைமுறை உருவாக வேண்டும் என்ற அக்கறை அந்தத் தீர்ப்பில் இருந்தது. தமிழனாக எனக்கு அதில் பெருமைதான். ஆனால் பாடநூலில் ‘வாழ்வியல்’ என்ற தலைப்பில் வரும் குறள், வினாத்தாளில் எப்படி வருகிறது? இன்ன சொல்லில் முடியும் குறளை அடிமாறாமல் எழுதுக, 2 மதிப்பெண். பிள்ளை எழுதிவிடுகிறான், மதிப்பெண் வாங்கிவிடுகிறான். கேம்ப்பெல் 1823-இல் கண்ட வகுப்பறை அப்படியே நீடிக்கிறது. பொய் சொல்லாமை பற்றிய குறளைப் பக்கத்தில் பார்த்து எழுதும் பிள்ளையிடம் நாம் என்ன சொல்லப் போகிறோம்? மதிப்பெண் ஒட்டிக்கொண்ட மறுநிமிடமே அறம் மற்றொரு பாடமாகிவிடுகிறது. அதனால் இந்த வகுப்புக்குத் தேர்வு வைக்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இரண்டாவது, வெளியிலிருந்து ஆள் பிடித்து வந்து ‘தன்னம்பிக்கை’ உரை நிகழ்த்த வைப்பது. 2024-இல் சென்னையின் அரசுப் பள்ளிகளில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பேச வந்தவர், முற்பிறவியில் செய்த பாவமும் புண்ணியமுமே ஒருவர் ஊனத்தோடு பிறப்பதற்கும் ஏழையாகப் பிறப்பதற்கும் காரணம் என்கிற விதமாகப் பிள்ளைகளிடம் பேசினார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து அதை எதிர்த்தார். பேச்சாளர் அவரை மடக்கிப் பேசிய காட்சி செப்டம்பர் முதல் வாரத்தில் ஊரெங்கும் பரவியது. பேச்சாளர் கைதானார், தலைமை ஆசிரியர்கள் மாற்றப்பட்டார்கள், வெளியாட்களைப் பள்ளிக்குள் விடுவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன.

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அன்று அறம் கற்பித்தவர் அந்த ஆசிரியர்தான். மைக் அவர் கையில் இல்லை. மேடையும் கூட்டமும் எதிராளியின் பக்கம். அப்படியிருந்தும், இது தவறு என்று எழுந்து நின்று சொன்னார். உண்மை, துணிவு, எளியோர் பக்கம் நிற்றல் என்று எந்த அதிகாரத்தின் பெயரை வேண்டுமானாலும் அதற்குச் சூட்டலாம். நாம் வெளியே தேடும் நீதிபோதகர்கள் பள்ளிக்குள்ளேயே இருக்கிறார்கள். எமிஸ் பதிவேட்டில் விவரம் ஏற்றுவதிலும் கணக்கெடுப்பு வேலையிலும் அவர்களைக் கரைத்துவிட்டு, ஒழுக்கம் சொல்ல வெளியாளைக் கூப்பிடுகிறோம்.

இனி, அந்த வகுப்பில் என்ன பேசலாம் என்பதற்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்கிறது. சமயங்களைப் பற்றிச் சொல்லித்தருவதை இது தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தெளிவுபடுத்தியது. ஆக, ‘அரசு யாருடைய அறத்தைச் சொல்லும்?’ என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. ஹன்டர் காலத்தில் இல்லாத ஒன்று இன்று நம்மிடம் உண்டு. சமத்துவம், சகோதரத்துவம், தீண்டாமை ஒழிப்பு என்று நாமே நமக்கு எழுதிக்கொண்ட ஒரு பொது உடன்பாடு உண்டு. குறளும் ஔவையும் புத்தரும் நபியும் இயேசுவும் வள்ளலாரும் பெரியாரும் அந்த வகுப்புக்கு வரட்டும், பேச்சுக்குத் துணையாக வரட்டும். மன்னர் கதைகளை ஒதுக்க வேண்டியதில்லை. மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லிவிட்டு, ‘அந்த மகன் செய்தது குற்றமா, விபத்தா? அந்தத் தண்டனை சரியா?’ என்று கேட்டால் அந்த வகுப்பு எப்படிச் சூடுபிடிக்கும் தெரியுமா? எங்கள் காலத்தில் அதை யாரும் கேட்கவில்லை. கேட்டது ‘கதையின் நீதி என்ன?’ மட்டும்தான்.

இன்றைய பிள்ளைக்கு அன்றைக்கு இல்லாத சங்கடங்கள் உண்டு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உடன்படிக்கும் பெண்ணின் படத்தை யாரோ மாற்றிப் போடுகிறார்கள், நீ என்ன செய்வாய்? ஊர்த் திருவிழாவில் அண்ணன்மார் உனக்குக் கயிறு கட்டிவிடுகிறார்கள், மறுநாள் பள்ளியில் உன் நண்பன் அதைப் பார்க்கிறான், அவனிடம் என்ன சொல்வாய்? பள்ளிக் கழிவறையைச் சுத்தம் செய்யும் அக்காவின் பெயர் உனக்குத் தெரியுமா? பெண்பிள்ளைகள் மட்டும் வகுப்பைப் பெருக்குவது ஏன்? எந்தப் புத்தகத்திலும் விடை எழுதியிராத இந்தக் கேள்விகளை, மதிப்பெண் பயம் இல்லாமல், கேலி பயம் இல்லாமல் பேச ஒரு நேரம் வேண்டும். ஆசிரியருக்கும் விடை தெரியாமல் போகலாம். தெரியாது என்று அவர் சொல்வதைப் பிள்ளைகள் கேட்பதும் நல்லதுதான்.

2023 செப்டம்பரில் எட்டயபுரத்தை அடுத்த ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியில், காலை உணவைச் சமைத்தவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிட வரவில்லை என்று செய்தி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் மாவட்ட ஆட்சியரும் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டினார்கள். 1956-இல் பந்தி தொடங்கிய அதே எட்டயபுரம் வட்டாரம். அறுபத்தேழு ஆண்டு ஒன்றாகச் சாப்பிட்ட பிறகும் இப்படியா என்று எனக்கு அன்று துக்கமாக இருந்தது. யோசித்தபோது ஒன்று விளங்கியது. ஒன்றாக உட்கார வைத்தோம், ஏன் ஒன்றாக உட்கார்கிறோம் என்று பிள்ளைகளிடம் பேசவே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சாதி தெரியாது. சாப்பிடாதே என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏன் சாப்பிட வேண்டும் என்று பள்ளி அதற்கு முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை வீட்டில் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கும். ஆட்சியரின் கார் எல்லாக் கிராமத்துக்கும் எல்லா நாளும் போக முடியாது. வகுப்பாசிரியர் தினமும் அங்கே இருக்கிறார்.

எனவே அரசுக்கு என் கோரிக்கை: சந்துரு குழு சொன்ன அறநெறி பீரியடை எல்லா அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் அட்டவணையில் ஏற்றுங்கள். அதை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். தேர்வு வைக்காதீர்கள். வகுப்பாசிரியரிடமே ஒப்படையுங்கள், அவருக்கு நல்ல பயிற்சி கொடுங்கள், எழுத்து வேலையைக் குறைத்து அவரைப் பிள்ளைகளிடம் திருப்பி அனுப்புங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். கட்டடம் பற்றியும் தேர்ச்சி விகிதம் பற்றியும் கேளுங்கள். அதோடு, இந்த வகுப்பு எந்தக் கிழமை, எத்தனையாவது பீரியட், யார் எடுக்கிறார், போன வாரம் என்ன பேசினீர்கள் என்றும் கேளுங்கள்.